காலியான வீடும் காலி செய்யவைத்த வீடும்

கேள்வி: நானும் கணவரும் மிச்சிகனில், டெட்ராய்ட்டின் புறநகரான நோவியில் வாடகைக்கு இருக்கிறோம். இருவருக்கும் வேலை டெட்ராய்ட் நகருக்குள். அங்கே நிலவங்கி ஏலத்தில் ஆயிரம் டாலரிலிருந்து வீடு கிடைக்கும், கவுன்டி (மாவட்ட நிர்வாகம்) நடத்தும் ஏலத்தில் அதைவிட மலிவு என்கிறார்கள். வாங்கிக் குடிபோகலாமா, வாடகைக்கு விடலாமா? "உங்களைப் போல சம்பளக்காரர்கள் வந்தால் இருக்கிற ஏழைகள் கிளம்ப வேண்டியதுதான்" என்று அலுவலகத் தோழி சொன்னதிலிருந்து மனசு ஒப்பவில்லை.

பதில்: தோழி சொன்னதில் பாதி சரி. 1950இல் டெட்ராய்ட்டில் 18.5 லட்சம் பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 6.39 லட்சம். மூன்றில் இரண்டு பங்கு காலியான ஊருக்கு நீங்கள் ஒரு குடும்பம் போவதால் யாருக்கும் இடம் போய்விடாது. எந்தக் கதவு வழியாக உள்ளே போகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் சொன்ன இரண்டு ஏலமும் ஒன்றல்ல.

நிலவங்கி என்பது கடன் தரும் வங்கியல்ல, கைவிடப்பட்ட சொத்துகளை வைத்திருந்து விற்கும் பொது அமைப்பு. அதனிடம் இருப்பவை பெரும்பாலும் ஆளில்லாமல் கிடந்து பொதுச் சொத்தாகிவிட்ட வீடுகள். கவுன்டி ஏலத்துக்கு வருபவை மூன்று ஆண்டு சொத்துவரி பாக்கிக்காகப் பறிமுதல் செய்யப்பட்டவை. அவற்றில் பலவற்றில் இன்னும் ஆள் குடியிருக்கும். நீங்கள் ஏலம் எடுத்த மறுநாள் உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அவர்களை வெளியேற்றுவது வாங்கியவர் பொறுப்பு.

அந்த பாக்கி எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். சந்தை விலையில் பாதிக்கு மேல் ஒரு வீட்டை வரிக்கு மதிப்பிடக் கூடாது என்பது மிச்சிகன் அரசியல் சட்டம். 2008 சரிவில் டெட்ராய்ட் வீட்டு விலை தரைமட்டமானபோது மதிப்பீட்டுப் புத்தகம் பழைய விலையிலேயே நின்றது. 2010 முதல் 2016 வரை வீட்டுக்காரர்கள் மேல் குறைந்தது 60 கோடி டாலர் அதிகமாகப் போடப்பட்டது என்று டெட்ராய்ட் நியூஸ் 2020இல் கணக்குப் போட்டுக் காட்டியது. கட்ட முடியாதவர்கள் வீட்டை இழந்தார்கள். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு முழு விலக்கே உண்டு, ஆனால் விண்ணப்பித்தால்தான். எனக்குத் தெரிந்த ஒரு மூதாட்டி வீட்டில், சமையலறை இழுப்பறை நிறைய வரி அலுவலக உறைகள் பிரிக்காமல் கிடந்தன. "திறந்தால் மட்டும் என்ன, பணமா வரப்போகிறது?" என்றார். விண்ணப்பித்திருந்தால் அவர் ஒரு டாலர்கூட வரி கட்ட வேண்டியிருந்திருக்காது.

அதனால் என் கருத்து இது: கவுன்டி ஏலத்தில் ஆள் இருக்கும் வீட்டைத் தொடாதீர்கள், எவ்வளவு மலிவானாலும். காலியாகக் கிடக்கும் வீட்டை வாங்கி விளக்கேற்றினால் தெருவுக்கே லாபம். நகரத்துக்கும் அதை ஒட்டிய சிற்றூரான ஹாம்ட்ராம்க்குக்கும் நடுவில் கோனன்ட் சாலையைப் போய்ப் பாருங்கள். வங்கதேசத்திலிருந்து வந்த குடும்பங்கள் பழைய வீடுகளை வாங்கிச் சரிசெய்து, மளிகைக் கடை, மீன் கடை வைத்து, 'பங்களா டவுன்' என்று பெயர் வாங்கிவிட்டார்கள்.

இனி கணக்கு. ஆயிரம் டாலர் என்பது நிலவங்கி ஏலம் தொடங்கும் தொகை. வீடு இருக்கிற நிலையிலேயே கைமாறும். செம்புக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்கள், கூரை ஒழுகும், குளிருக்கு ஃபர்னஸ் இருக்காது. தெருவிலிருந்து வரும் குடிநீர்க் குழாய் ஈயமா என்று கேளுங்கள்; குழந்தை இருந்தால் இதுதான் முதல் கேள்வி. சரிசெய்ய ஆறு மாதம் கெடு, வேலை நடப்பதைக் காட்டினால் நீட்டிப்பு உண்டு. கிடப்பில் போட்டால் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். பத்திரம் எந்த உத்தரவாதமும் இல்லாத வகை என்பதால் டைட்டில் இன்சூரன்ஸ் (உரிமையில் வில்லங்கம் வந்தால் ஈடு தரும் காப்பீடு) கிடைக்குமா என்று விசாரித்த பிறகே பெரிய பணத்தை இறக்குங்கள். இவ்வளவு தாங்காது என்றால், ஏற்கெனவே சரிசெய்த வீட்டைச் சாதாரண விற்பனையில் வாங்குங்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை.

எப்படி வாங்கினாலும் பழைய உரிமையாளரின் வரி ரசீதை நம்பி மோசம் போகாதீர்கள். 1994இல் வந்த விதிப்படி, ஒருவர் வீட்டை வைத்திருக்கும்வரை வரிக்கான மதிப்பு ஆண்டுக்குக் கொஞ்சம்தான் ஏறும். விற்றதும் சந்தை விலையில் பாதிக்குத் தாவும். 1,20,000 டாலர் வீடு என்றால் 60,000. அதற்கு ஆயிரத்துக்கு 60 டாலருக்கு மேல் வரி, அதாவது ஆண்டுக்கு 3,600க்கும் அதிகம். பக்கத்து வீட்டில் முப்பது வருடமாக இருப்பவர் இதில் ஒரு பகுதிதான் கட்டுவார். நகரத்தின் வருமான வரியும் ஏறும்: வெளியூரிலிருந்து வந்து வேலை பார்ப்போருக்கு 1.2 சதவீதம், குடியிருப்போருக்கு 2.4. லட்சம் டாலர் சம்பளத்தில் ஏறத்தாழ 1,200 டாலர் கூடுதல். கார் காப்பீட்டுக்கும் முன்கூட்டியே விலை கேட்டுவிடுங்கள், மலைத்துப் போவீர்கள்.

வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால்: நகரத்தில் பதிவு செய்து, ஈயப் பரிசோதனை முடித்து, தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். நோவியில் உட்கார்ந்துகொண்டு பார்க்காத வீட்டுக்கு வாடகை வசூலிப்பவர்கள் ஏற்கெனவே அதிகம். நீங்களும் ஒருவராக வேண்டாம் என்பேன்.

குடிபோகாவிட்டாலும் நோவியிலிருந்தே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அது பேருந்துக்காகக் குரல் கொடுப்பது. இந்த வட்டாரத்தில் ஊர் எல்லைதான் சுவர். எய்ட் மைல் சாலைக்குத் தெற்கே நிஜமான சுவரே நிற்கிறது: 1941இல் கறுப்பர் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட வந்தவருக்கு அரசு கடன் உத்தரவாதம் தர மறுத்தது, ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்தில் இரண்டையும் பிரித்து ஒரு சுவர் எழுப்பினார், உத்தரவாதம் கிடைத்தது. இன்று அதில் வண்ண ஓவியங்கள் இருக்கின்றன. 1974இல் உச்ச நீதிமன்றம், டெட்ராய்ட் வழக்கு ஒன்றில், பள்ளிகளில் இனப் பிரிவினையைப் போக்கும் திட்டத்தைப் புறநகர்ப் பள்ளிகள் மேல் சுமத்த முடியாது என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பேருந்திலும் இதே கதைதான். புறநகர் ஊர்கள் "எங்களுக்குப் பேருந்தும் வேண்டாம், அதற்கான வரியும் வேண்டாம்" என்று விலகிக்கொள்ள முடிந்தது. டெட்ராய்ட்டிலிருந்து ராச்செஸ்டர் ஹில்ஸ் தொழிற்சாலைக்குப் போக, பேருந்து இல்லாத தூரத்தையெல்லாம் நாளொன்றுக்கு 21 மைல் நடந்து கடந்த ஒரு தொழிலாளியின் கதை 2015இல் நாடு முழுவதும் செய்தியானது. நோவியும் விலகிய ஊர்தான். 2022 நவம்பரில், நோவி இருக்கும் ஓக்லண்ட் கவுன்டியின் வாக்காளர்கள் கவுன்டி முழுவதுக்குமான பேருந்து வரியை ஏற்று அந்த விலகலை முடித்துவைத்தார்கள். இத்தகைய வரிகள் மறுபடி வாக்குச்சீட்டுக்கு வரும். குடியுரிமை இருந்தால் வாக்களியுங்கள். இல்லையென்றால் உங்கள் தமிழ்ச் சங்கத்தில் வாக்கு உள்ளவர்களிடம் பேசுங்கள்.

குடிபோவதென்று முடிவானால், ஏலத்துக்கு முன் ஒரு ஞாயிறு மாலை அந்தத் தெருவுக்குப் போய் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அந்த வீட்டில் யார் இருந்தார்கள், ஏன் போனார்கள் என்று கேளுங்கள். வீட்டுத் தரகர் சொல்லாதது அங்கே வெளிவரும். இடையில் காலி மனை இருந்தால், ஒட்டியிருக்கும் வீட்டுக்காரருக்கு நிலவங்கி 100 டாலருக்குத் தரும் திட்டம் உண்டு. அவர் அதில் ஏற்கெனவே கீரையும் தக்காளியும் போட்டிருக்கக்கூடும். அப்படியானால் அந்த மனைக்கு நீங்கள் விண்ணப்பிக்க வேண்டாம், விண்ணப்பத்தை அவருக்கு நிரப்பிக் கொடுங்கள். அப்படியே வரிவிலக்குப் படிவத்தையும்.