யார் குடுமி யார் கையில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் காலம் முடிந்தது, அடுத்த பத்தாண்டு சீனாவுடையது என்று ஒரு சாரார் அடித்துச் சொல்கிறார்கள். இந்தியா மூன்றாவது துருவமாகும் என்கிறார்கள் வேறு சிலர். ரஷ்யாவும் ஐரோப்பாவும் எங்கே நிற்கின்றன? பொருளாதார அளவை வைத்து இதைக் கணிக்க முடியுமா? எதைக் கவனித்தால் ஓரளவு புரியும்?

எம்.

அன்புள்ள எம்.,

பொருளாதார அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் பாதிதான் பிடிபடும். ஒரு நாடு கையை இழுத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு எது நின்றுபோகும், அதற்கு மாற்று ஏற்பாடு செய்ய எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று பாருங்கள். வரும் பத்தாண்டை இரண்டாவது கேள்விதான் தீர்மானிக்கும் என்பது என் எண்ணம்.

2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் 40 சதவீதத்துக்கும் மேல் ரஷ்யாவிலிருந்து குழாய் வழியாக வந்தது. ஐரோப்பாவின் குடுமி மாஸ்கோவின் கையில் என்றே பலரும் நினைத்தார்கள். 2022-இல் ரஷ்யா வரத்தைக் குறைத்தது. விலை எகிறியது, ஆலைகள் திணறின. ஆனால் 2023-இல் அந்தப் பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. எரிவாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலில் கொண்டுவரலாம். இறக்க ஒரு மிதக்கும் முனையம் போதும். வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் ஜெர்மனி அப்படி ஒன்றை 2022 டிசம்பரிலேயே திறந்தது. ரஷ்யாவிடம் அணு ஆயுதம் உண்டு, நெடும்போர் நடத்தும் திராணியும் உண்டு. இந்தப் பிடி மட்டும் இரண்டே ஆண்டில் கழன்றுவிட்டது.

சீனாவின் பிடி வேறு ரகம். பெரும்பாலான மின்சாரக் கார்களின் மோட்டாரில் நியோடிமியம் காந்தம் இருக்கிறது. சூட்டில் அது வலுவிழக்காமலிருக்க டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ கொஞ்சம் சேர்ப்பார்கள். இந்த அருமண் தனிமங்கள் பூமியில் பல இடங்களில் கிடைக்கின்றன. தோண்டுவதைவிடப் பிரிப்பதுதான் பெரும்பாடு, ஏனென்றால் வேதியியலில் இவை அச்சு அசலாக ஒன்றைப் போலவே ஒன்று நடந்துகொள்ளும். அமிலத்தில் கரைத்து, கரிமக் கரைப்பானோடு கலக்கி, இரண்டு அடுக்காகப் பிரிய விட்டு, மறுபடி கலக்கி, இப்படி நூற்றுக்கணக்கான கட்டங்களைத் தாண்டினால்தான் ஒரு தனிமம் தூய்மையாகக் கைக்கு வரும். ஒரு கட்டத்தில் அமில அளவு பிசகினால் பின்னால் வருபவையும் கெடும். கழிவில் கதிரியக்கமுள்ள தோரியம் மிஞ்சும். உலகச் சுத்திகரிப்பில் சுமார் 90 சதவீதம் சீனாவில் நடக்கிறது.

2010-இல் சீனாவுடனான கடல் எல்லைத் தகராறு ஒன்றில் அருமண் வரத்து தடைபட்டு ஜப்பான் அடி வாங்கியது. மறு ஆண்டே அருமண் தோண்டும் ஆஸ்திரேலியாவின் லைனாஸ் நிறுவனத்துக்கு அரசு ஆதரவோடு பணம் கொடுத்தது. பத்தாண்டுக்கு மேல் பாடுபட்டும், 90 சதவீதமாக இருந்த சார்பு 60 அளவுக்குத்தான் இறங்கியது. 2025 ஏப்ரலில் ஏழு அருமண் தனிமங்களுக்குச் சீனா ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியது. சில வாரங்களில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சில கார் ஆலைகள் நின்றன.

அமெரிக்காவுக்கும் இப்படி இறுக்கத் தெரியும். மிக நுண்ணிய சிப்களை அச்சிடும் அதிதீவிரப் புற ஊதா (EUV) ஒளி இயந்திரத்தை உலகில் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டுமே விற்கிறது. உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு 50,000 என்ற கணக்கில் லேசரால் அடித்து அந்த ஒளியை எடுக்கிறார்கள். கண்ணாடிகள் ஜெர்மனியின் ஸைஸ் தருபவை. சீனாவுக்கு இதில் ஒன்றுகூட விற்கப்படவில்லை. இயந்திரம் ஐரோப்பாவுடையது, தடுக்கச் சொல்லி அழுத்தம் கொடுத்தது வாஷிங்டன். ஐரோப்பாவின் உண்மையான பலவீனத்தை நான் இங்கேதான் பார்க்கிறேன்.

டாலர் கதை மெல்லத் தேயும் பிடி. உலக மத்திய வங்கிகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் அதன் பங்கு 2000-இல் சுமார் 71 சதவீதம், 2024-இல் சுமார் 58. 2022-இல் ரஷ்யாவின் ஏறத்தாழ 300 பில்லியன் டாலர் மதிப்புள்ள கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கின. அந்த ஆண்டு தொடங்கி 2024 வரை மத்திய வங்கிகள் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. ஆனாலும் தன் பணம் தடையின்றி எல்லை தாண்டச் சீனா விடாதவரை, டாலரின் இடத்தில் யுவான் உட்கார முடியாது.

துருக்கி போன்ற நாடுகளையும் கணக்கில் எடுங்கள். கருங்கடல் நீரிணைகள் பற்றிய 1936-இன் மாந்த்ரே உடன்படிக்கையைக் காட்டி, 2022-இல் அது கருங்கடலின் வாசலைப் போர்க்கப்பல்களுக்கு அடைத்தது.

இந்தியாவைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்கிறேன். மக்கள்தொகை, சந்தை, இந்தியப் பெருங்கடலில் அமைந்த இடம், எல்லாம் பெரிய பலம். இவற்றால் இந்தியாவை எல்லோரும் அழைப்பார்கள். ஆனால் அது நிறுத்தினால் உலகம் உடனே தவிக்கும் பொருள் என்று பார்த்தால், மலிவு விலை மருந்துகள்தான் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்காக இந்தியா இறக்குமதி செய்யும் மூலப்பொருள்களில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. இந்தச் சங்கிலியை மாற்றாமல் மூன்றாவது துருவம் என்று பேசுவது அவசரம்.

எதைக் கவனிப்பது என்று கேட்டிருந்தீர்கள். உச்சிமாநாட்டு அறிக்கைகளை நம்பாதீர்கள். லைனாஸ் 2025-இல் மலேசியாவில் டிஸ்ப்ரோசியத்தைப் பிரிக்கத் தொடங்கிவிட்டது. அங்கே ஆண்டுக்கு எத்தனை டன் வருகிறது என்று பாருங்கள். சீனா தானே செய்த அதிதீவிரப் புற ஊதா இயந்திரத்தில் சிப்களை வணிக அளவில் அச்சிடும் நாள் எப்போது வருகிறது என்றும் பாருங்கள். இவற்றில் எது முந்துகிறதோ, அந்தப் பக்கம் பேரத்தில் குரல் உயரும்.