குடும்ப டாக்டர் கிளினிக்கை மூடுகிறார்… அப்பாவை இனி யாரிடம் கூட்டிப்போவது?

கேள்வி: அப்பாவுக்கு 69 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் 22 வருடமாக ஒரே டாக்டர்தான். வயதாகிவிட்டதால் அவர் அடுத்த மாதத்தோடு கிளினிக்கை மூடுகிறார். “அவர் கைராசி வேறு யாருக்கு வரும்? போனில் கேட்டுக்கொள்கிறேன்” என்று அப்பா பிடிவாதம் பிடிக்கிறார். பை நிறையப் பழைய மருந்துச் சீட்டுகள் இருக்கின்றன. புது டாக்டரிடம் அவற்றைக் கொடுத்தால் போதாதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: போதாதும்மா. என்ன மாத்திரை கொடுத்தார் என்பது சீட்டில் இருக்கும். எதை, ஏன் நிறுத்தினார் என்பது பெரும்பாலும் இருக்காது. அது டாக்டரின் நினைவில்தான் இருக்கிறது. அதைத்தான் இந்த ஒரு மாதத்துக்குள் வாங்க வேண்டும்.

ஓர் உதாரணம். பிரஷருக்கு எனாலபிரில் கொடுத்து, வறட்டு இருமல் வந்ததால் டெல்மிசார்ட்டானுக்கு மாற்றியிருப்பார்கள். அது தெரியாத புது டாக்டர் ராமிபிரில் எழுதலாம். அதுவும் எனாலபிரில் வகைதான். மறுபடி இருமல், அதற்கு சிரப், பிறகு எக்ஸ்ரே என்று வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். “எனாலபிரில்: இருமல்” என்ற ஒரே வரி இதைத் தடுத்துவிடும்.

கூட்டமில்லாத நேரமாகக் கேட்டு வாங்கி, அப்பாவோடு போங்கள். ஃபீஸ் கொடுத்தே 20 நிமிடம் கேளுங்கள். லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள்: எந்த நோய் எந்த வருடத்திலிருந்து, இப்போதைய மாத்திரைகள் (பிராண்ட் பெயர் அல்ல, மருந்தின் பெயர், எத்தனை மி.கி., எந்த வேளை), நிறுத்திய மருந்துகளும் காரணமும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசி ஹெச்.பி.ஏ1சி (சராசரி சர்க்கரை அளவு), கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை) அளவுகள்.

பையில் பழைய ஈ.சி.ஜி. இருந்தால் பத்திரம். நெஞ்சுவலி என்று ஓடும்போது, ஈ.சி.ஜி.யில் தெரியும் மாறுதல் புதிதா, பல வருடமாக இருப்பதா என்று பழையதோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அந்த வழவழப்பான தாள் நாளாக ஆக மங்கிவிடும். ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். லேமினேட் செய்துவிடாதீர்கள், சூட்டில் கறுத்துவிடும். அப்பா ஆஸ்பத்திரியில் தங்கி சிகிச்சை பெற்றிருந்தால் அந்த ரெக்கார்டுகளையும் எழுதிக் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 மருத்துவக் கவுன்சில் விதி. ஆனால் 3 வருடம் மட்டுமே வைத்திருக்கக் கட்டாயம்.

டாக்டர் மாறும்போது அதிகம் நடக்கும் தவறு, ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்குவது. கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மருந்து பழைய அட்டையில் ஒரு பெயரிலும் புது அட்டையில் வேறு பெயரிலும் இருக்கும். இரண்டையும் போட்டால் சர்க்கரை சரிந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் வரை போய்விடும். அதனால் முதல் தடவை போகும்போதே வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் கொண்டுபோங்கள். மூட்டுவலி மாத்திரை, சித்த மருந்து எதையும் மறைக்க வேண்டாம். வலி மாத்திரைகள் பல பிரஷரையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

போன் யோசனை நெடுநாள் ஓடாது. 2020 டெலிமெடிசின் வழிகாட்டுதல்படி, அதே நோய்க்கு 6 மாதத்துக்குள் நேரில் பார்த்திருந்தால்தான் அது தொடர் ஆலோசனை. கிளினிக் மூடிய பிறகு நேரில் பார்ப்பது எங்கே? சர்க்கரைக்காரர் பாதத்தில் வலி தெரியாமல் இருக்கும் புண்ணை போனில் கண்டுபிடிக்கவும் முடியாது.

உங்கள் பேச்சை அப்பா கேட்க மாட்டார். டாக்டர் சொன்னால் கேட்பார். “இனி இவரிடம் போங்க” என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். கிளினிக் மூடுவதற்கு முன்பே, அப்பா நன்றாக இருக்கும் ஒரு நாளில் புதியவரிடம் கூட்டிப்போங்கள். சந்தேகம் வந்தால் புது டாக்டர் பழைய டாக்டரிடமே கேட்டுக்கொள்ளலாம். ஹெச்.பி.ஏ1சி ஏறத்தாழ 3 மாதச் சர்க்கரையைக் காட்டுவது. புதியவரின் சிகிச்சை எப்படி என்பது அதில் முழுதாகத் தெரிய அவ்வளவு நாள் ஆகும். அதற்குள் “இவர் சரியில்லை” என்று அப்பா முடிவுகட்ட விடாதீர்கள்.

இன்றைக்கே போன் செய்து நேரம் கேளுங்கள். கடைசி வாரத்தில் ஊரே அங்கே திரண்டு நிற்கும், 20 நிமிடம் கிடைக்காது.