இறங்கிப் போகிற வழி

கேள்வி: என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவரை விரும்புகிறேன். அவருக்குச் சங்கடம் வராமல் அதைத் தெரிவிக்கக் கண்ணியமான அணுகுமுறை எது?
– பெயர் வேண்டாம், மாங்குளம்

பதில்: தம்பி (கையெழுத்தைப் பார்த்து நானாக எடுத்த முடிவு, தங்கச்சி என்றால் மன்னிக்கவும்), 'அணுகுமுறை' என்ற ஒரு சொல்லிலேயே உங்கள் அலுவலகம் எப்படிப்பட்டது என்று பிடித்துவிட்டேன். வாசலில் வெள்ளை வாகனம், சுவரில் நன்கொடையாளரின் இலச்சினை, மூலையில் போன வருடத்துப் பயிற்சிப்பட்டறை பனர். தொண்டு நிறுவனம்தானே?

2004 கடற்கோளுக்குப் பிறகு முல்லைத்தீவுக் கரையில் வந்து இறங்கிய தமிழ் இது. 2009க்குப் பிறகு மீள்குடியேற்றத்தோடு காடு வரைக்கும் வந்துவிட்டது. அதற்கு முன்னர் நாங்கள் யாரையும் அணுகியதில்லை, போய்க் கதைத்தோம். யானைகூட வயலை அணுகியதில்லை, 'யானை வந்திட்டுது' என்றுதான் கத்தினோம். வாழ்நாள் முழுக்க விதைத்து அறுத்து நாலு பேருக்குச் சோறு போட்ட என் மாமி ஒருவர், ஒரு நாள் விடிய எழும்பிப் பார்த்தால் 'பயனாளி' ஆகியிருந்தார். ஐந்து கோழிக்குஞ்சு கொடுத்து அதற்கு 'வலுவூட்டல்' என்று பெயரும் வைத்தார்கள். குஞ்சுகளை அன்றிரவே கீரி அணுகியது.

சரி, உங்கள் பாஷையிலேயே எழுதுவோம். இலக்குக் குழு: ஒருவர். (கூடினால் அது வேறு பிரச்சினை.) இடைக்கால விளைவு: சேர்ந்து பிளேன்ரீ குடித்தல். சரிபார்க்கும் ஆதாரம்: கடைப் பற்றுச்சீட்டு. இறுதி விளைவு: பதிவுத் திருமணம். ஆபத்துகள்: அவருடைய அண்ணன். கண்காணிப்பும் மதிப்பீடும்: அலுவலகத்தில் மிச்சப் பேர் எல்லோரும் சம்பளம் வாங்காமலே செய்வார்கள்.

இந்தப் புரப்போசல்களில் எனக்குப் பிடித்தது கடைசிப் பக்கம்தான். 'வெளியேறும் திட்டம்' என்று ஒன்று வரும். நிறுவனம் தான் எப்படிக் கழன்று போகும் என்று அதில் எழுதிவைக்கும். நீங்கள் அந்தப் பக்கத்தை முதலில் எழுதுங்கள், ஆனால் அவருக்காக எழுதுங்கள். 'இல்லை' என்று சொல்லிவிட்டு அவர் எந்த வழியால் போவார்?

மாங்குளம் என்று போட்டிருப்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். நம் பக்கத்துப் பொடியன்களுக்கு ஒரு பழக்கம். 'பஸ் விட்டிட்டுதே? ஏறுங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்' என்று மோட்டார் சைக்கிளில் ஏற்றுவது. மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் இரண்டு பக்கமும் காடு மூடுகிற இடம் வந்ததும் வேகம் குறையும், தொண்டை செருமப்படும், காதல் வெளிப்படும். பின்சீட்டில் இருக்கிறவள் எங்கே இறங்குவாள்? கரடிக்கும் யானைக்கும் நடுவில் நின்று உங்களை நிராகரிக்கச் சொல்கிறீர்களா? 'யோசிச்சுச் சொல்லுறன்' என்பாள். அந்த இடத்தில் அதற்குப் பொருள் 'முதலில் என்னை வீட்டடியில் இறக்கிவிடு' என்பது மட்டும்தான். பொடியனோ அதை முக்கால் சம்மதமாக எடுத்துக்கொண்டு, அன்றிரவே நாலு நண்பர்களுக்குக் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்துவிடுவான்.

ஆகவே பகல் வேளை. ஆட்கள் பார்க்கிற தூரம், ஆனால் கேட்காத தூரம். அவருடைய சைக்கிளோ ஸ்கூட்டியோ பக்கத்தில் நிற்க வேண்டும். 'எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. வேலைக்கு வெளியால ஒருநாள் கதைக்கலாமோ? விருப்பமில்லையெண்டால் சொல்லுங்கோ, திரும்பக் கேக்கமாட்டன்.' அவ்வளவும் போதும். நண்பனைத் தூது விடாதீர்கள். அவருக்குத் தெரிய முன்னர் பியோனுக்குத் தெரிந்துவிடும்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அவருடைய லீவுப் படிவத்தில் கையெழுத்து வைப்பது யார்? நீங்களென்றால் பேனையை மூடிவையுங்கள். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தோடு வந்த தண்டனைச் சட்டக்கோவை 345ஆம் பிரிவு, பாலியல் தொந்தரவுக்கு 5 ஆண்டு வரை சிறை என்கிறது. அதிகாரத்தில் இருப்பவர் வேலைத்தலத்தில் சொல்லாலோ செயலாலோ விரும்பத்தகாத முறையில் நெருங்கினால் அதுவும் அதற்குள் அடங்கும் என்று விளக்கக் குறிப்பே இருக்கிறது. பிடித்திருக்கிறது என்று ஒருமுறை மரியாதையாகச் சொல்வது குற்றமென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற கை அதைச் சொல்லும்போது, கேட்கிற காதுக்கு அது வேறு மாதிரித்தான் கேட்கும்.

இந்த இடத்தில் புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு பெரியவர் கடிதம் எழுத உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். மடலேறுதல் தமிழனின் காதல் வீரம் என்று இரண்டு வருடத்துக்கு முன்னர் நாலு பக்கம் எழுதியவர் அவர். பனங்கருக்கில் குதிரை செய்து, ஏறி, பெண்ணின் தெருவிலே ஊர் பார்க்க இருந்தால் கிழிவது ஏறியவன் தோல்தானே என்பது அவர் வாதம். ஊர்வாயில் கிழிவது யார் என்பது என் வாதம். இன்றைக்குக் கருக்குமட்டைக்குப் பதிலாக அலுவலக வாட்ஸ்அப் குழுவில் சிவப்பு இதயம் போடுகிறார்கள், வேறு வித்தியாசம் இல்லை. வன்னியில் எத்தனையோ வீடுகளில் ஒரு பெண்ணின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. கதை கிளம்பினால் உங்களை யாரும் வேலைக்குப் போகவேண்டாம் என்று மறிக்கப்போவதில்லை, அவரைத்தான் மறிப்பார்கள்.

பெரியவர் வள்ளுவரையும் இழுப்பார். இழுக்கட்டும். குறளில் 'குறிப்பறிதல்' என்ற தலைப்பு இரண்டு தடவை வருகிறது. 71ஆம் அதிகாரம் அரசனின் முகத்தைப் படிக்க வேண்டியவனுக்கு, 110ஆம் அதிகாரம் காதலனுக்கு. அலுவலகக் காதலர்களைப் பிடித்த கேடே இந்த இரண்டையும் மாறி வாசிப்பதுதான். 71இன்படி மரியாதைக்குச் சிரித்த சிரிப்பை 110இல் போட்டுப் பொருள் எடுப்பார்கள்.

நானும் எடுத்தேன். 1997, மல்லாவிப் பக்கம் ஒரு சங்கக்கடை. அவர் பங்கீட்டு அட்டை எழுதுவார், நான் அரிசி நிறுப்பேன். யுத்தத்தால் பற்றரிக்குத் தடை இருந்த காலம். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு மிதியைச் சுற்றி, டைனமோவில்தான் செய்தி கேட்போம். எங்கேயோ அலைந்து ஒரு பற்றரி எடுத்து அவரிடம் நீட்டினேன். 'ஒண்டை வச்சு என்ன செய்யிறது, றேடியோவுக்கு ரெண்டெல்லோ வேணும்' என்று சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார். எனக்கு அது எப்படிப் புரிந்தது? இன்னொன்று கொண்டு வா என்று! ஒரு மாதம் அலைந்தேன். இரண்டையும் சேர்த்து மேசையில் வைத்த அன்று அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: 'அண்ணை, எங்களிட்ட றேடியோவே இல்லை.'

அடுத்த நாள் காலையிலும் அவர் அட்டை எழுதினார், நான் அரிசி நிறுத்தேன். தராசைத் தவிர இருவருக்கும் நடுவில் ஒன்றும் இருக்கவில்லை. நான் முகத்தை நீட்டியிருந்தால் அந்தக் கடையில் அவரால் இருந்திருக்க முடியாது. வேறு வேலையும் அப்போது கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஒழுங்காக நடந்துகொண்டேன் என்று நினைக்கிறேன்.

அவர் இப்போதும் நம் வாசகி. சந்தா மட்டும் இரண்டு வருடமாக வரவில்லை. ஒருமுறை கேட்டேன். 'யோசிச்சுச் சொல்லுறன்' என்றார்.