ஒரிஷாக்களும் தலைமைப் பண்பும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யொரூபா மக்களின் தெய்வக் கதைகளைக் கொண்டு தொழில் தலைமையைப் பேசலாமா என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். லாகோஸிலும் இபாதானிலும் வாகன உதிரிபாக வியாபாரத்தில் நெடுங்காலம் இருந்தவன் நான். அங்கே பெரியவர்கள் சொல்லக் கேட்டதையும் பின்னர் தேடிப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

ஐயா, ஒரிஷா என்றால் கடவுளா? மொத்தம் எத்தனை பேர்?

எல்லாவற்றுக்கும் மேலே ஒலோதுமரே இருக்கிறார். அவருக்குக் கீழே, உலகத்தின் ஒவ்வொரு துறையையும் ஆளும் சக்திகள்தாம் ஒரிஷாக்கள். கணக்குக் கேட்டால் 401 என்பார்கள். நானூறு என்பது நிறைவு. கூடுதலாக உள்ள ஒன்று, இன்னும் ஒருவர் வரக்கூடும் என்பதற்கான இடம் என்று சொல்வார்கள். யொரூபா மக்கள் இன்று நான்கு கோடிக்கும் மேல் இருக்கிறார்கள். பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லது முஸ்லிம். ஆனாலும் இந்தக் கதைகள் பேச்சிலும் பெயர்களிலும் பழமொழிகளிலும் உயிரோடு இருக்கின்றன. திங்கட்கிழமைக்கே அங்கே ‘ஓஜோ அஜே’ என்றுதான் பெயர். அஜே சந்தைக்கும் செல்வத்துக்கும் உரிய ஒரிஷா.

எங்கள் நிறுவனத்தில் நடந்த பயிற்சி வகுப்பில் என்னை ‘ஓகுன் வகைத் தலைவர்’ என்றார்கள். வேகமாக முடிவெடுப்பவன், தடையை உடைப்பவன் என்று விளக்கம் சொன்னார்கள். பெருமைப்படலாமா?

பாதிக் கதைக்குப் பெருமைப்படலாம். மீதியையும் கேளுங்கள்.

ஒரிஷாக்கள் வானிலிருந்து பூமிக்கு இறங்கியபோது வழியில் அடர்ந்த காடு குறுக்கிட்டது. மற்றவர்களின் கத்திகள் அதில் மடங்கிப்போயின. இரும்பின் ஒரிஷாவான ஓகுன் மட்டும் இரும்புக் கத்தியால் வெட்டி வழி திறந்தார். நன்றியாக அவருக்கு அரசப் பதவி கொடுக்க முன்வந்தார்கள். வேண்டாம் என்று மறுத்துவிட்டார். உங்கள் பயிற்சியாளர் இதுவரை சொல்லியிருப்பார்.

பிறகு இரே என்ற ஊரார் வற்புறுத்தி அவரை அரசராக்கினார்கள். ஒரு கதைப்படி, போர்க்களத்தில் கள் குடித்த வெறியில் எதிரி யார், தன் ஆள் யார் என்று தெரியாமல் எல்லாரையும் வெட்டிச் சாய்த்தார். இன்னொரு கதையில், அவர் ஊர் திரும்பிய நாள் யாரும் வாய் திறக்கக் கூடாத சடங்கு நாள். பேச்சுக் கொடுத்தார், பதில் இல்லை. கள் குடங்களைத் தூக்கிப் பார்த்தார், காலி. தன்னை அவமதிக்கிறார்கள் என்று நினைத்து வாளை உருவிவிட்டார். தெளிந்ததும் தான் செய்ததைப் பார்த்து, வாளை மண்ணில் ஊன்றி பூமிக்குள் இறங்கிவிட்டார்.

இரண்டு கதையிலும் வெட்டுப்பட்டவர்களில் அவருடைய சொந்த ஆட்களும் இருந்தார்கள். வழி திறக்கும் கை, வழி திறந்த பிறகு என்ன செய்கிறது என்பதுதான் ஓகுன் கதையின் கேள்வி. ஒவ்வொரு ஒரிஷாவுக்கும் ஒரு சக்தி உண்டு. கூடவே ஒரு விலக்கும், அதாவது செய்யக் கூடாத ஒன்றும், உண்டு. அதை ‘ஏவோ’ என்பார்கள். பயிற்சி வகுப்புகள் சக்தியை எடுத்துக்கொண்டு விலக்கைக் கழித்துவிடுகின்றன. எனக்கு இதில்தான் பெரிய மனவருத்தம்.

உங்களுக்கு நான் சொல்வது: புதுச் சந்தையில் நுழையும்போது, முடங்கிய திட்டத்தைக் கிளப்பும்போது நீங்கள் முன்னால் நில்லுங்கள். அது ஓடத் தொடங்கியதும் அன்றாடப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள். குழுவினர் பேசாமல் இருந்தால், அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் முன் காரணத்தைக் கேளுங்கள்.

ஓகுன் நம்ம ஊர் முனீஸ்வரன் மாதிரியா?

கையில் ஆயுதம், காவல், லாரி ஓட்டுநர்களின் பக்தி என்று மேலோட்டமாகப் பார்த்தால் ஒற்றுமை தெரியும். ஆனால் ஓகுன் இரும்பு முழுவதற்கும் உரியவர். கொல்லர், வேட்டைக்காரர், மெக்கானிக், அறுவை மருத்துவர் என்று இரும்பைத் தொடும் எல்லாரும் அவர் எல்லைக்குள் வருவார்கள். நீதிமன்றத்தில் மரபு வழிபாட்டினர் இரும்பைத் தொட்டுச் சத்தியம் செய்வதும் அங்கே உண்டு. ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளத் தொடங்கலாம். அத்தோடு நின்றுவிட வேண்டாம்.

ஒஷுன் என்றால் அன்பு, தேன், அழகு, ஆறு என்று படித்தேன். தொழில் தலைமைக்கு அதில் என்ன இருக்கிறது சார்?

என்னைக் கேட்டால், இந்த மரபு முழுவதிலும் தலைமையைப் பற்றிய ஆக வலுவான கதை ஒஷுனுடையதுதான்.

இஃபா எனப்படும் குறி பார்க்கும் மரபில் ஓஷே தூரா என்ற பகுதியில் வருகிறது. ஒலோதுமரே பதினேழு பேரை உலகைச் சீராக்க அனுப்பினார். பதினாறு ஆண்கள், ஒரு பெண். ஆண்கள் கூடிக் கூடிப் பேசினார்கள், திட்டம் போட்டார்கள். ஒஷுனை எதிலும் சேர்க்கவில்லை. எடுத்த காரியமெல்லாம் தோற்றது. மழை பெய்யவில்லை, நோய் தீரவில்லை. திரும்பிப் போய் ஒலோதுமரேயிடம் முறையிட்டார்கள். அவர் கேட்டது ஒரே கேள்வி: உங்களோடு வந்த பதினேழாவது ஆள் எங்கே? தலைகுனிந்து வந்து ஒஷுனிடம் மன்னிப்புக் கேட்ட பிறகே காரியங்கள் நடந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒஷுன் சண்டை போடவில்லை, கூட்டத்தை மறிக்கவில்லை. ஒதுங்கியிருந்தாள், அவ்வளவுதான். அவளுடைய ‘அஷே’, அதாவது சொன்னதை நடக்க வைக்கும் ஆற்றல், கூட்டத்தில் இல்லாமல் போனது. பதினாறு பேரில் ஒருவருக்கும் திறமைக் குறைவில்லை. ஆனாலும் எதுவும் நடக்கவில்லை. கணக்கு சரியாக இருந்தும் ஒரு திட்டம் ஏன் நகரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள், யாரைக் கேட்காமல் அதைப் போட்டோம் என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் வாடிக்கையாளரோடு நேரில் பேசுகிறவர், கிடங்கில் நிற்கிறவர், சம்பளப் பட்டியலில் கடைசியில் இருக்கிறவர்.

வாய்ப்பிருந்தால் ஒஷோக்போ நகரில் உள்ள ஒஷுனின் புனித வனத்துக்குப் போய் வாருங்கள். ஆற்றங்கரையில் ஏறத்தாழ 75 ஹெக்டேர் காடு. 2005-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. ஆஸ்திரியாவிலிருந்து வந்த கலைஞர் சுசான் வெங்கர் உள்ளூர்க் கைவினைஞர்களோடு சேர்ந்து அங்கே எழுப்பிய சிற்பங்கள் பிரமாண்டமானவை. ஆகஸ்டில் திருவிழா.

எஷு சாத்தான் என்கிறார்களே? அந்தப் பெயரை அலுவலகத்தில் சொல்லலாமா?

சாத்தானாக்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனரிகள். யொரூபா மரபில் எஷு முச்சந்தியின் அதிபதி, தூதர், எந்தப் படையலிலும் முதல் பங்கு பெறுபவர். அவர் ஒத்துழைக்காவிட்டால் எந்தச் செய்தியும் மேலே போய்ச் சேராது.

அவருடைய தொப்பிக் கதை பிரபலம். அடுத்தடுத்த வயல்களில் வேலை செய்த இரண்டு உயிர் நண்பர்களுக்கு நடுவே எஷு நடந்து போனார். தொப்பியின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. சிவப்புத் தொப்பிக்காரன் போனான் என்றான் ஒருவன், வெள்ளை என்றான் மற்றவன், கைகலப்பில் முடிந்தது. விற்பனைப் பிரிவும் தயாரிப்புப் பிரிவும் ஒரே வாடிக்கையாளரைப் பற்றி அடித்துக்கொள்ளும்போது எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும். இருவரும் பொய் சொல்லவில்லை. எந்தத் தலைவரும் இரண்டு வயலிலும் நின்று பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

எங்கள் முதலாளி இரண்டு மேலாளர்களை வேண்டுமென்றே மோதவிடுகிறார். போட்டி இருந்தால் வேலை நடக்கும் என்கிறார். ஷாங்கோவை மேற்கோள் காட்டுகிறார்!

அவர் ஷாங்கோவின் முடிவைப் படிக்கவில்லை.

ஷாங்கோ, யொரூபா மக்களின் பழைய ஒயோ பேரரசின் ஆதி மன்னர்களில் ஒருவர். பின்னர் இடியின் ஒரிஷாவானார். பேச்சிலும் தோற்றத்திலும் நெருப்பு. அவருக்குத் தீமி, க்போன்கா என்று இரண்டு தளபதிகள். இருவரின் புகழும் வளர்வதைப் பார்த்து அஞ்சி ஒருவரோடு ஒருவரை மோதவிட்டார். க்போன்கா வென்றார். வென்றவர் அடுத்து திரும்பியது மன்னரை நோக்கி. ஷாங்கோ நாட்டை விட்டு வெளியேறி, கோசோவில் ஒரு மரத்தில் தூக்கிட்டுக்கொண்டார் என்று வாய்மொழி வரலாறு சொல்லும். ‘மன்னர் தூக்கிட்டுக்கொள்ளவில்லை’ என்று இன்றும் அடியார்கள் முழங்குவார்கள். அது அவர்களின் நம்பிக்கை. அதை நான் மதிக்கிறேன். ஆனால் தளபதிகள் கதையை அவர்களும் மறைப்பதில்லை.

உங்கள் முதலாளியிடம் இதை அப்படியே சொல்லலாம், தம்பி. மரியாதையாகத்தான்.

தரவு பார்த்து முடிவெடுக்கும் காலத்தில் இஃபா குறி பார்ப்பதிலிருந்து என்ன கற்க முடியும்?

முறையைக் கற்கலாம். இஃபா, ‘ஓது’ எனப்படும் 256 பகுதிகளைக் கொண்ட பெரும் வாய்மொழிக் களஞ்சியம். ஒவ்வொன்றிலும் ஏராளமான செய்யுள்கள். பாபலாவோ எனப்படும் குரு பல்லாண்டு மனப்பாடம் செய்துதான் அந்த இடத்துக்கு வருகிறார். இதை யுனெஸ்கோ 2005-இல் மானுடத்தின் தலைசிறந்த மரபுகளில் ஒன்றாக அறிவித்தது.

முறைப்படி வருகிறவர் தன் பிரச்சினையைக் குருவிடம் சொல்லத் தேவையில்லை. ஒரு காசிடம் கிசுகிசுத்து வைத்துவிடுவார். குரு பதினாறு பனைக் கொட்டைகளையோ சங்கிலியையோ கொண்டு ஓதுவைக் கண்டு, அதன் செய்யுள்களை ஓதிக்கொண்டே போவார். எது தன் நிலைமைக்குப் பொருந்துகிறது என்று கேட்பவரே நிறுத்துவார். நமக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்பது ஆலோசகருக்குத் தெரியாது! ஆலோசனை நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்து, நாம் நினைத்ததையே அறிக்கையாக வாங்கிக்கொள்ளும் பழக்கத்துக்கு நேர் எதிர் இது. அடுத்த முறை யாரிடமாவது கருத்துக் கேட்டால், உங்கள் விருப்பத்தைக் கடைசிவரை சொல்லாதீர்கள்.

தலைவர் பெரிய தவறு செய்தால்? ராஜினாமாதான் வழியா?

ஒபாத்தாலா என்ற ஒரிஷாவைப் பாருங்கள். நிலத்தைப் படைக்க அனுப்பப்பட்டவர், வழியில் கள் குடித்துத் தூங்கிவிட்டார். ஒதுதுவா என்ற இன்னொருவர் போய் அந்த வேலையை முடித்துவிட்டார். பிறகு ஒபாத்தாலாவுக்கு மனித உடல்களை வனையும் பொறுப்பு கிடைத்தது. அதிலும் ஒரு நாள் கள் மயக்கத்தில் வனைந்ததால் சிலர் உடல் குறையோடு பிறந்தார்கள் என்று கதை. அவர்களெல்லாம் என் பாதுகாப்பில் என்று ஏற்றுக்கொண்டார். அவருடைய அடியார்கள் இன்றும் கள்ளைத் தொடுவதில்லை, வெள்ளை உடுத்துகிறார்கள்.

உடல் குறையைத் ‘தவறு’ என்று இக்காலத்தில் நாம் சொல்ல மாட்டோம், சொல்லவும் கூடாது. நான் எடுத்துக்கொள்வது அவர் செய்த இரண்டு காரியங்களை: பாதிக்கப்பட்டவர்களின் பொறுப்பைத் தானே ஏற்றது, காரணமான பழக்கத்தை நிரந்தரமாக விலக்கியது. இவ்விரண்டும் இல்லாத ராஜினாமாவால் யாருக்கும் பயனில்லை.

இதெல்லாம் தலைவரின் நல்ல மனதை நம்பியிருக்கிறதே. கட்டுப்படுத்த ஆள் வேண்டாமா?

மிகச் சரியான கேள்வி. யொரூபா அரசியல் இதைக் கதையோடு விட்டுவிடவில்லை. ஒயோ மன்னருக்கு அலாஃபின் என்று பட்டம். அவருக்கு எதிரே ஒயோ மேசி என்ற எழுவர் சபை, அதன் தலைவர் பஷோருன். மன்னர் அத்துமீறினால் சபை அவருக்கு ஒரு காலிச் சுரைக்குடுவையோ கிளி முட்டைகளோ அனுப்பும். தெய்வங்களும் மக்களும் பூமியும் உன்னை மறுத்துவிட்டன என்பது செய்தி. மன்னர் உயிரை விட வேண்டும். ஆனால் சபையிலிருந்தும் ஒருவர் மன்னரோடு சாக வேண்டும் என்பது மரபு. ஆகவே பொறாமையால் யாரும் குடுவையை எடுத்துவிட முடியாது.

அந்தச் சபையும் கெட்ட காலம் உண்டு. 1754 முதல் 1774 வரை பஷோருன் காஹா என்பவர் மன்னர்களை ஒருவர் பின் ஒருவராகச் சாவுக்கு அனுப்பி, தானே எல்லாம் ஆனார். கடைசியில் அலாஃபின் அபியோதுன் படை திரட்டி அவரை வீழ்த்தினார். இயக்குநர் குழுவை வைத்துவிட்டாலே போதும் என்று நினைப்பவர்கள் காஹாவைப் பற்றிப் படிக்க வேண்டும். நீக்குகிறவருக்கும் ஏதாவது இழப்பு இருக்கும்படி விதி எழுதுங்கள்.

பெண் வணிகத் தலைவர்கள் யாராவது? தெய்வம் வேண்டாம், வரலாற்றில்.

நிறைய. ஊர்ப் பெண்களின் தலைவிக்கு ‘இயாலோதே’ என்று பட்டம், அரசவையிலும் இடம். அபேயோகுதா நகரின் மதாம் தினுபு, பக்கத்து நாடான தகோமே படையெடுத்தபோது ஆயுதம் கொடுத்து உதவியதற்காக 1864-இல் யொரூபாவின் ஒரு பிரிவான எக்பா மக்களின் இயாலோதே ஆனார். லாகோஸின் நடுவில் அவர் பெயரில் சதுக்கம் இருக்கிறது. இபாதானில் எஃபுன்ஷேதான் அனிவுரா. பெரும் தோட்டங்களின் உரிமையாளர், ஆட்சியாளர் லாதோசாவை எதிர்த்து நின்றவர், 1874-இல் கொல்லப்பட்டார்.

இருவரும் அடிமைகளை வைத்து வியாபாரம் செய்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், அம்மா. ஊக்கப் பேச்சுகளில் அது விடுபட்டுப்போகிறது.

வாழும் மதத்தை மேலாண்மைப் பாடமாக்குவது சரியா?

கதையை முழுதாக, யாருடையது என்று பெயர் சொல்லிப் பயன்படுத்தினால் தவறில்லை என்பது என் கருத்து. ‘நீங்கள் எந்த ஒரிஷா’ என்று பத்துக் கேள்வி வினாத்தாள் போடுவது எனக்கு ஒப்பவில்லை. அந்த மரபில் ஒருவருக்கான ஒரிஷாவைக் குறி பார்த்து, தீட்சை கொடுத்துத்தான் உறுதி செய்வார்கள். வழிபாட்டு உருவங்களை மாநாட்டு மேடை அலங்காரமாக வைப்பதும் வேண்டாம்.

எங்களுடையது மூன்று பேர் நடத்தும் சிறு அச்சகம். சபையும் இல்லை, தளபதிகளும் இல்லை. எங்களுக்கு எதைச் சொல்வீர்கள்?

மூவரும் உட்கார்ந்து ஆளுக்கொரு விலக்கு எழுதுங்கள். ‘நான் கோபத்தில் இருக்கும்போது விலை பேச மாட்டேன்’, ‘மற்ற இருவரையும் கேட்காமல் கடன் வாங்க மாட்டேன்’ என்பது போல. அதை மீறினால் யார் சொல்ல வேண்டும் என்பதையும் பெயர் போட்டு எழுதுங்கள். பிறகு உங்கள் அச்சகத்தின் பதினேழாவது ஆள் யார் என்று யோசியுங்கள். இயந்திரம் ஓட்டுகிறவராக இருக்கலாம், தாள் கொண்டுவந்து இறக்குகிறவராக இருக்கலாம். அடுத்த மாதம் விலைப்பட்டியலை மாற்றும் முன் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள்.