போனில் கலையாத மின்னஞ்சல் அட்டவணை

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறேன். வாரா வாரம் பச்சைத் தேயிலைக் கொள்முதல் கணக்கை எக்செல்லில் இருந்து காப்பி செய்து, ஜிமெயிலில் ஒட்டி, இலை ஏஜெண்டுகளுக்கு அனுப்புகிறேன். என் கம்ப்யூட்டரில் சரியாகத்தான் இருக்கிறது. அவர்கள் போனில் கட்டங்கள் கலைந்துவிடுகின்றன. சிலருக்குத் தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்துகளாக வருகின்றன. கடைசி வரிகளே காணோம் என்கிறார்கள் வேறு சிலர். என்ன செய்வது?

பதில்: இந்த மூன்றுக்கும் காரணங்கள் வேறு வேறு. முதலில் எழுத்துப் பிரச்சினை. உங்கள் எக்செல் கோப்பு பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அவை ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் பூசிக் காட்டுபவை. அந்த எழுத்துரு இல்லாத போனில் அடியில் இருக்கும் ஆங்கிலம் அப்படியே தெரியும். பெயர்ப் பட்டியலை ஒரே ஒருமுறை, எல்லாப் போன்களிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் ஒவ்வொரு பெயரையும் கண்ணால் சரிபாருங்கள். ஒற்றும் கொம்பும் இடம் மாறுவது உண்டு.

கட்டம் கலைவதற்குக் காரணம் அகலம். எக்செல்லில் இருந்து ஒட்டும்போது, எழுத்து மடங்கி அடுத்த வரிக்குப் போகக்கூடாது என்ற கட்டளையும் கூடவே வந்துவிடுகிறது. தேதி, பெயர், புத்தக எண், மொத்த எடை, ஈரத்துக்குக் கழித்தது, நிகர எடை, விலை, முன்பணம், தொகை என்று ஒன்பது பத்திகள் போட்டால் போன் திரை தாங்காது. ஒன்று, எல்லாம் பொடியாகச் சுருங்கும். இல்லையென்றால் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும்.

ஆகவே பத்திகளைக் குறையுங்கள். போனுக்கு நான்கு பத்திகள்தான் கணக்கு. தேதியை அட்டவணைக்கு மேலே ஒரு வரியாக எழுதிவிடலாம். மீதியை இரண்டு அட்டவணைகளாகப் பிரியுங்கள்: எடைக் கணக்கு ஒன்று, பணக் கணக்கு ஒன்று. இரண்டிலும் முதல் பத்தி பெயரும் புத்தக எண்ணும், அதே வரிசையில். மழைக்காலத்தில் ஈரக் கழிவைப் பற்றித்தான் கேள்வி அதிகம் வரும்; எடைக் கணக்கு தனியாக இருந்தால் அதை விளக்குவதும் எளிது.

எக்செல்லில் இருந்து நேராக ஒட்டாமல் கூகுள் டாக்ஸ் வழியாகப் போங்கள். புதிய ஆவணத்தில் நான்கு பத்தி அட்டவணை ஒன்றைச் செருகி, ‘டேபிள் ப்ராப்பர்ட்டீஸ்’ போய் அகலங்களை இப்படி வையுங்கள்: பணக் கணக்கில் பெயர் 3 செ.மீ., விலை 1.7, முன்பணம் 1.7, தொகை 2.1; எடைக் கணக்கின் நான்கு பத்திகளுக்கும் இதே அகலங்கள். மொத்தம் 8.5 செ.மீ. இது சுமார் 320 பிக்சல். சாதாரண போனில் அடங்கும். செல் பேடிங் (கட்டத்தின் கோட்டுக்கும் எழுத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) 0.1 செ.மீ., எழுத்து அளவு 10. எண்களை வலப்பக்கம் ஒட்டி நிறுத்துங்கள். ₹ குறியைத் தலைப்பில் மட்டும் போட்டால் போதும். ஒவ்வொரு தொகைக்கும் முன்னால் ஓர் இடைவெளி விட்டுப் போட்டால், குறி ஒரு வரியிலும் தொகை அடுத்த வரியிலும் நிற்கலாம். கட்டங்களை இணைக்க வேண்டாம். வண்ணமும் வேண்டாம்: போன் கருந்திரையில் (டார்க் மோட்) இருந்தால் மஞ்சள் தலைப்பில் எழுத்து வெளிறிப் போகலாம். தடித்த எழுத்தே போதும்.

முடித்ததும் முழு அட்டவணையையும் காப்பி செய்து, கம்ப்யூட்டரில் திறந்த ஜிமெயிலில் கன்ட்ரோல் வி கொடுத்து ஒட்டுங்கள். கன்ட்ரோல் ஷிஃப்ட் வி கொடுத்தால் கட்டங்கள் போய் எழுத்து மட்டும் வரும். எழுதும் பெட்டியின் மூன்று புள்ளி மெனுவில் ‘ப்ளெயின் டெக்ஸ்ட் மோட்’ டிக் ஆகியிருந்தாலும் இதே கதி. கட்டமே இல்லாமல் ஸ்பேஸ் தட்டி வரிசைப்படுத்தும் யோசனை தமிழுக்கு ஒத்துவராது. ‘ர’வும் ‘ணை’யும் ஒரே அகலம் இல்லையே, சம அகல எழுத்துருவிலும் தமிழ் எழுத்துகள் நேர்க்கோட்டில் நிற்பதில்லை.

கடைசி வரிகள் காணாமல் போவதற்குக் காரணம், மின்னஞ்சலின் உள்ளடக்கம் 102 கே.பி.யைத் தாண்டினால் ஜிமெயில் அதை நறுக்கி, முழுச் செய்தியையும் பார்க்க ஒரு இணைப்பை மட்டும் அடியில் வைப்பது. எக்செல்லில் இருந்து ஒட்டிய அட்டவணையில் ஒவ்வொரு கட்டமும் தன் அலங்காரக் கட்டளைகளைச் சுமந்து வருவதால் எடை சீக்கிரம் ஏறிவிடும். போன வார மின்னஞ்சலுக்கே ‘ரிப்ளை’ கொடுத்து இந்த வாரக் கணக்கை அனுப்புகிறீர்களா? பழைய அட்டவணைகளும் அடியில் சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு வாரமும் புதிதாகத் தொடங்குங்கள். மொத்தத் தொகையை அட்டவணைக்கு மேலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். நறுக்கப்பட்டாலும் அது தப்பிக்கும்.

ஆடிட்டர் அலுவலகத்துக்கும் இதே கணக்கு போகிறதென்றால் ஒரு எச்சரிக்கை. விண்டோஸில் ஓடும் பழைய வகை அவுட்லுக், 2007 பதிப்பிலிருந்து, மின்னஞ்சலை வேர்டு வழியாகத்தான் காட்டுகிறது. ஓர் அட்டவணைக்குள் இன்னோர் அட்டவணை வைத்தால் அங்கே இடைவெளிகள் குளறுபடியாகும். ஆடிட்டருக்கு ஒன்பது பத்தியும் தேவைப்படும் என்பதால் எக்செல் கோப்பையே இணைத்து அனுப்பிவிடுவது மேல்.

இருபது வரிக்கு மேல் போனால் ஏஜெண்டுகளுக்கும் பிடிஎஃப் இணைப்பதே நல்லது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீர்கள்: பெரிதாக்கினால் மங்கும், எண்ணைக் காப்பி செய்வதும் எளிதல்ல.

எல்லோருக்கும் அனுப்புமுன் உங்களுக்கே ஒன்று அனுப்பிப் போனில் திறந்து பாருங்கள், போனின் எழுத்து அளவைப் பெரிதாக வைத்து. வயதான ஏஜெண்டுகள் பலரும் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.