அம்மாவைத் தனியாக மெட்ரோவில் போகப் பழக்குவது எப்படி? (பெங்களூரு, அல்சூர் – மல்லேஸ்வரம்)

முதலில் ஒரே ஒரு வழியை மட்டும் பழக்குங்கள். அல்சூரில் ஊதா ரயில், சல்லகட்டா பக்கம் போவது. மெஜஸ்டிக்கில் இறங்கி மாதாவரா பக்கம் போகும் பச்சை ரயிலில் ஏறினால், அடுத்த நிறுத்தமே மல்லேஸ்வரத்துக்கு இறங்க வேண்டிய சம்பிகே ரோடு. அறிவிப்பு கன்னடத்திலும் ஆங்கிலத்திலும்தான் வரும். எனவே ஒவ்வொரு ரயிலும் போய்ச்சேரும் கடைசி நிலையத்தின் பெயரையும் அந்த ரயிலின் நிறத்தையும் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

பெரும்பாலும் தடுமாறுவது மெஜஸ்டிக்கில்தான். கூட்டத்தோடு நடந்து வெளியேறும் கேட்டுக்குப் போய்விடுவார்கள். டோக்கனை அங்கே போட்டுவிட்டால் பயணம் முடிந்தது, புது டோக்கன் வாங்க வேண்டும். "கேட்டைத் தாண்டாமலே ரயில் மாறணும்மா" என்பதை அந்த இடத்திலேயே நின்று காட்டுங்கள்.

டோக்கனைவிட ஸ்மார்ட் கார்டு நல்லது: வரிசை இல்லை, உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி தொட்டால் போதும். கேட் திறந்ததும் தயங்காமல் நடக்கச் சொல்லுங்கள்.

காலை 11 மணிக்குமேல் பழகுங்கள். முதல் தடவை நீங்கள் முன்னே. அடுத்த தடவை அம்மா முன்னே, நீங்கள் பேசாமல் பின்னே. அவர் தப்பான பக்கம் திரும்பினாலும் உடனே கூப்பிடாதீர்கள். பலகையைப் பார்த்து அவரே திருத்திக்கொள்ளட்டும். தைரியம் அப்படித்தான் வரும். எஸ்கலேட்டர் பயமென்றால் லிஃப்ட் இருக்கும் இடத்தை முன்கூட்டியே காட்டிவையுங்கள்.