ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பச்சி ஏன் இப்படிப் பேசுறாக?

கேள்வி: எங்க அப்பச்சிக்கு 84 வயசு. பட்டாலையிலருந்து வளவுக்கு இறங்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு. மதுரையில ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, ஆனா ரெண்டாம் நாள் ராத்திரியிலருந்து ஆளே மாறிட்டாக. வாலிபத்துல மலாயாவுல வட்டிக்கடையில இருந்தவுக, இப்ப கட்டில்ல எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு "பெட்டியடிப் பையன் எங்கடா, கணக்கு இன்னும் முடிக்கல"ன்னு சத்தம் போடுறாக, ட்ரிப்ஸ் ஊசியப் பிடுங்குறாக, விடிஞ்சா அமைதியா காபி கேக்குறாக. சொந்தக்காரவுக காத்துக்கருப்புன்னும் புத்தி பேதலிச்சிருச்சுன்னும் சொல்றாக. மயக்க மருந்து கூடிப்போச்சா? முதுகுல ஊசி போட்டு செஞ்சிருந்தா வந்திருக்காதா?
காரைக்குடி வாசகர்

பதில்: தம்பி, காத்துக்கருப்பும் இல்ல, பைத்தியமும் இல்ல. இதுக்குப் பேரு டெலீரியம், அதாவது உடம்புல ஏற்படுற கோளாறால திடீர்னு வர்ற மனக்குழப்பம், வயசானவங்களுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷனுக்கு அப்புறம் ரொம்ப சாதாரணமா வர்றது. மறதி நோய் மாசக்கணக்குல வருஷக்கணக்குல மெதுவா வரும், இது ஒரே ராத்திரியில வந்து நிக்கும், பகல்ல தெளியும் பொழுது சாஞ்சா கூடும்.

எலும்பு முறிஞ்ச நிமிஷமே உடம்பு அதைப் பெரிய காயமா எடுத்துக்கிட்டு அழற்சிய ஆரம்பிச்சிரும், ஆபரேஷன் அதுக்கு மேல இன்னொரு காயம். இன்டர்லூக்கின்-6 மாதிரி ரசாயனங்கள் ரத்தத்துல ஏறும், ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்குற தடுப்பு வயசானா கொஞ்சம் தளர்ந்திருக்கும், ரெண்டாங்கட்டுல அடுப்பு புகைஞ்சா முகப்பு வரைக்கும் கமறுதுல்ல, அப்படி இடுப்புல நடக்குறது மூளையையும் தொட்டுரும். மூளையோட சொந்தக் காவல் செல்களும் முழிச்சுக்கிரும், கவனம் கலைஞ்சுபோகும்.

அப்ப அழற்சியக் குறைக்க ஸ்டீராய்டு குடுத்தா போதுமேன்னு தோணும். இதய ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 7,500 பேருக்கு மேல வச்சு அதையும் பாத்த ஆய்வு 2015ல வந்துச்சு, ஸ்டீராய்டு குடுத்தும் டெலீரியம் குறையல. முதுகு ஊசி சமாச்சாரமும் அப்படித்தான், இடுப்பெலும்பு முறிஞ்ச 1,600 பேர்கிட்ட பாத்து 2021ல வெளியிட்டாங்க, முழு மயக்கமோ முதுகு ஊசியோ டெலீரியம் ஏறக்குறைய ஒரே அளவுதான். அதனால எந்த மயக்கம் குடுத்தாங்கன்னு நெனச்சு மனசப் போட்டு ஒழட்டிக்காதீங்க.

இன்னைக்கே டாக்டர்கிட்ட போய் "அப்பச்சிக்கு டெலீரியமான்னு பாருங்க"ன்னு வாய்விட்டுக் கேளுங்க. மூத்திரம் அடைச்சிருக்கா, வயிறு போகலையா, காய்ச்சல், ஆக்சிஜன், சோடியம், வலி எல்லாம் பாக்கணும், இதுல ஒண்ணு கண்டுபிடிச்சு சரிபண்ணினாலே சிலபேர் மறுநாள் தெளிஞ்சுருவாங்க. வீட்டுல சாப்பிட்ட மாத்திரை எல்லாத்தையும் பையோட கொண்டுபோய்க் காட்டுங்க. தூக்க மாத்திரையும் சில சளி, அலர்ஜி மாத்திரையும் குழப்பத்தக் கூட்டும், ஆனா நீங்களா எதையும் சட்டுனு நிறுத்தக் கூடாது. பழைய குடிப்பழக்கம் இருந்தா மறைக்காம சொல்லுங்க, வெக்கப்பட வேண்டிய நேரம் இது இல்ல.

மருந்தவிட வேல செய்யிறது வீட்டு ஆளுகதான். 1999ல ஷேரன் இனோயேங்கிற டாக்டர், வார்டுல சேர்ந்த 70 வயசு தாண்டினவங்களுக்கு கண்ணாடி, காது மெஷின், தண்ணி, நடை, ராத்திரித் தூக்கம் இதையெல்லாம் ஒழுங்கா கவனிச்சதுல டெலீரியம் 15 சதவீதத்துலருந்து 9.9க்கு இறங்குச்சு. அப்பச்சியோட கண்ணாடி வீட்டு அலமாரியில கெடந்தா உடனே எடுத்துட்டுப் போங்க. பல்செட்டும் அப்படித்தான். பெட்டியடிப் பையனக் கேட்டா சண்டை போடாதீங்க, "நான் பாத்துக்கிறேன் அப்பச்சி, இப்ப நீங்க மதுரையில ஆஸ்பத்திரியில இருக்கீக, நான் கூடவே இருக்கேன்"னு சொல்லுங்க. கையக் கட்டிப்போட விடாதீங்க, மிரட்சி கூடும். பங்காளிக பத்துப்பேர் ஒண்ணா வந்து கட்டிலைச் சுத்தி நிக்கிறதயும் நிறுத்துங்க, பழகின முகம் ஒண்ணு ரெண்டு மாறி மாறி இருந்தா போதும்.

பெரும்பாலும் நாள்கணக்குல, வாரக்கணக்குல தெளிஞ்சுரும், சிலருக்கு மாசக்கணக்குல இழுக்கும். வீட்டுக்கு வந்தப்புறம் ஞாபகம் எப்படியிருக்குன்னு டாக்டர்கிட்ட ஒரு தடவ கண்டிப்பா காட்டுங்க.

கேள்வி: எங்க அப்பத்தா முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் தொந்தரவே குடுக்கல, நாளெல்லாம் தூங்குறாக, சாப்பாடும் வேணாங்கிறாக. அசதிதானே?
தேவகோட்டை வாசகி

பதில்: அசதின்னு விட்றாதீங்கம்மா. சத்தம் போடாத டெலீரியமும் உண்டு, சாதுவா படுத்திருக்காகன்னு யாரும் கண்டுக்காம போறது இதத்தான். கிழமைய பின்னாலருந்து சொல்லச் சொல்லிப் பாருங்க, சனி வெள்ளி வியாழன்னு. எப்பவும் சொல்லக்கூடியவுக இப்ப தடுமாறினாலோ நடுவுல கண்ண மூடிக்கிட்டாலோ நர்ஸக் கூப்பிட்டு அப்பவே காட்டுங்க, சாயங்கால ரவுண்ட்ஸ் வரைக்கும் காத்திருக்காதீங்க.